கறுப்பு

ரோட்டர்டாம். செவ்வாய், காலை ஏழு ஐம்பது.
இன்றைய முதல் தலை
வீபெ ஹூக்ஸ்ட்ராவுடையது.
வயது ஐம்பத்தொன்று, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
பெல்ட், கடிகாரம், சாவிக்கொத்து
ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார்.
பிறகு, கூரை ஒழுகுவதை விருந்தாளியிடம்
முன்கூட்டியே சொல்லிவைக்கிறவர் போல,
"உள்ளே ஓட்டை இருக்கும்.
பார்த்துப் பயந்துடாதீங்க" என்றார்.

அந்தச் சுவரொட்டியை எனக்கும் தெரியும்.
தொண்ணூற்றாறில் எல்லாப் பயிற்சிக்கூடத்திலும் ஒட்டியிருந்தது.
இடது பக்கம் ஒரு முழு மூளை.
வலது பக்கம், மாத்திரை போட்டவனுடையது,
எங்கள் ஊர் பாலாடைக்கட்டி போல் பொத்தல் பொத்தலாய்.

அந்தப் படம் எப்படி உருவாகிறதென்றும் தெரியும்.
திரையோரம் ஒரு சிறு பொத்தான்.
ரத்தம் இந்த அளவுக்குக் கீழே ஓடும் இடங்களையெல்லாம்
கறுப்பாக்கு என்று அதை நகர்த்த வேண்டும்.
இன்னும் கொஞ்சம் நகர்த்தினால்
சுவரொட்டி அடித்தவர் தலையில் ஓட்டை.
இன்னும் கொஞ்சம், தேநீர் தவிர எதுவும் தொடாத
என் தலையில்.
கறுப்பு குழியல்ல.
அந்த நிமிடம் அங்கே ரத்தம் மெதுவாகப் போனது,
அவ்வளவுதான்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம்...
மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தொன்பது வருடம்
அந்த ஓட்டைக்குள் எதையெதையோ போட்டுவந்திருக்கிறார்.
மகள் ஃபெம்கெயின் பிறந்த நாள்.
வங்கி அட்டையின் நான்கு எண்கள்.
விவாகரத்து வழக்கில் தன் பக்கத்தை அவர் சொல்லவேயில்லை;
மூளை கெட்டவன் பேச்சு எங்கே எடுபடும்?
தலையெழுத்து என்று நம்பிச் சுமந்தது
அச்சகத்தில் யாரோ கோத்த எழுத்து.

இயந்திரம் இடிக்கத் தொடங்கியது.
படம் கலங்கியது. முதல் தடவை.
"காலை அசைக்காதீங்க."
"மன்னிக்கணும். நிமிஷத்துக்கு நூற்று எழுபது அடி.
அப்போ ஆடின அதே வேகம்."
குழலுக்குள்ளிருந்து அவர் சிரித்தது கேட்டது,
பிறகு சிரிப்பு நின்றது.
"ரீனஸ் அதுலதான் போனான்" என்றார்.

பழைய கிடங்கு. ஜன்னல் இல்லை.
மொட்டைத் தலைகள், ஆவி, வியர்வை.
ரீனஸுக்கு இருபத்து மூன்று.
ஆம்புலன்ஸ்காரர் வைத்த வெப்பமானியில் நாற்பத்திரண்டு.
அவன் மூளையைப் படமெடுக்க அவசியம் வரவில்லை.
ஓட்டைக்கு அரைச் சுவர் ஒதுக்கிய அந்தச் சுவரொட்டியில்
சூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டாம் தடவை அவர் தூங்கிவிட்டார்.
குறட்டை ஒலிவாங்கியை நிறைத்தது.
திடீரென்று ஒன்றுமில்லை.
எண்ணினேன்: பத்து, பதினேழு, இருபத்து மூன்று.
மூழ்கியவன் தலை தூக்குவது போல் ஒரு மூச்சு.
மறுபடியும் ஒன்றுமில்லை.
குறிப்பில் எழுதினேன்: தூக்கத்தைப் பரிசோதிக்கவும்.
படிவத்தில் அவரே நிரப்பியிருந்தார்:
பீர், இரவுக்கு ஆறு, "சாதாரணம்".
ஆறு பீருக்கு யாரும் சுவரொட்டி அடிப்பதில்லை;
பந்தாட்டச் சட்டையில்தான் அடிக்கிறார்கள்.

திரையில் மடிப்பு மடிப்பாக
ஐம்பத்தொரு வயது மூளை ஒன்று.
ஓட்டை இல்லை.
என் இயந்திரம் சொல்வது இவ்வளவே.
அந்த மாத்திரைகள் ஒன்றும் செய்யவில்லை என்று
அது சொல்லவில்லை.
அதன் கண்ணுக்குப் படாதது நிறைய.

முடிவைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.
என் முகத்துக்கு அந்த விதி தெரியாது.
பார்த்துவிட்டார்.

மகிழ்வார் என்று நினைத்தேன்.
ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தார்,
வெகுநேரம்.
"ஓட்டை இல்லேன்னா," என்றார்,
"ஃபெம்கெ பிறந்த நாளை மறந்தது யாரு?"

அடுத்த தலை வெளியே காத்திருந்தது.
நான் காகிதத் துணியை மாற்றினேன்.

மூன்று நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.
தட்டில் சாவிக்கொத்து.
"மறந்துட்டேன்."
வேறு எதுவும் சொல்லாமல்
எடுத்துக்கொண்டு போனார்.